கரை சேர வேண்டிய கடலறிவு

கடலைப் பற்றிய அறிவு வேறு; அவ்வறிவு கரையில் வாழ்வோரைச் சென்றடைதல் வேறு. முன்னது அறிவியலாரின் பணி. பின்னதில் மொழி பயின்றார்க்கும் பங்குண்டு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு எத்துணைப் பெரிது என்பதை 2024ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் நேர்ந்த துயரம் காட்டிற்று. திருமணம் ஒன்றிற்காக வந்திருந்த மருத்துவ மாணவருள் ஐவர் அன்று கடலலையால் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தனர். அந்நாள்களில் கேரளக் கரைக்கும் தென்தமிழகக் கரைக்கும் உரிய எச்சரிக்கையை ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் முன்னரே வெளியிட்டிருந்தது. அறிவு இருந்தது, அறிவிப்பும் இருந்தது. கற்றறிந்த இளைஞர்களின் கால் நனைந்த இடத்திற்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

அன்று கரையேறிய கடலுக்குக் கேரள மீனவர் இட்ட பெயர் ‘கள்ளக்கடல்’ என்பதாம். வானம் தெளிந்திருக்கும், காற்று பலமாக வீசாது, புயற்சின்னம் எதுவும் அருகில் இராது. ஆயினும் கடல் திடுமெனப் பொங்கிக் கரையை விழுங்கும். கள்ளனைப் போல் சொல்லாமல் வருவதால் இப்பெயர். இதன் காரணம் நம் கரையில் இல்லை. தெற்கே பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவில், தென்னிந்தியப் பெருங்கடலிலும் அதற்கு அப்பாலும், கடுங்காற்று பல நாள் ஒரே திசையில் வீசும்போது நெடிய அலைகள் பிறக்கின்றன. அவ்வலைகள் தாம் பிறந்த இடத்துக் காற்றை விட்டுப் பிரிந்து, ஆற்றல் குன்றாமல் கடலைக் கடந்து சில நாள்களில் நம் கரையை எட்டுகின்றன. உள்ளூர்க் காற்றால் எழும் அலைகள் சில நொடிக்கு ஒன்றாக வருவன. இவையோ பதினைந்து நொடி, அதற்கும் மேற்பட்ட இடைவெளியில் வருவன. இரண்டு அலைகளுக்கு இடையே கடல் அடங்கியிருப்பது போலத் தோன்றும் அந்த இடைவெளிதான் கடலறியாதாரை ஏமாற்றுவது.

இப்பெயரின் வரலாறு தமிழ் பயில்வோர் கருதத்தக்கது. கள்ளக்கடல் என்னும் சொல்லை 2012ஆம் ஆண்டில் யுனெசுகோ அறிவியல் வழக்கிற்குரியதாக ஏற்றுக்கொண்டது. கரையோரக் குடிசையில் பிறந்த சொல், ஆய்வறிக்கைகளில் அமர்ந்தது. சொல் கரையிலிருந்து ஆய்வகத்திற்குப் போன வழியை நாம் அறிகிறோம். ஆய்வகத்திலிருந்து செய்தி கரைக்குத் திரும்பும் வழியை யார் அமைப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். அவ்வழியை அமைப்போருள் மாணவரும், அதிலும் தம் இல்லத்தில் இருந்தபடியே பணியாற்றும் மாணவரும், இடம்பெறக்கூடும் என்பது நம் கருத்து.

தொலைவிலிருந்து பயிலும் பணி

பயிற்சிப் பணி என்றதும் பையைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் ஒன்றிற்குச் சென்று, சில வாரம் அங்கிருந்து, சான்றிதழுடன் திரும்புதலே நம் நினைவுக்கு வரும். இணையம் பரவிய பின்னர் இதற்கு வேறொரு வடிவமும் தோன்றியது. அமெரிக்க அயலுறவுத் துறை 2009ஆம் ஆண்டில், மாணவர் தம் கல்லூரியில் பயின்றுகொண்டே இணையத்தின் வழியாக அரசுப் பணிகளில் பயிற்சி பெறும் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. அப்போது அயலுறவுத் துறைச் செயலராக இருந்த இலாரி கிளின்டன் அவர்கள் நியூயார்க்குப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா உரையில் இதனை அறிவித்தார். பின்னர் வேறு பல நடுவணரசுத் துறைகளும் இத்திட்டத்தில் சேர்ந்தன. அந்நாட்டுக் குடிமக்களான மாணவர்க்கு மட்டுமே உரிய இத்திட்டத்தில், வாரத்திற்கு ஏறத்தாழப் பத்து மணி நேரம், செப்டம்பர் முதல் மே வரை, ஊதியமின்றி மாணவர் பணியாற்றினர். 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில், நேரில் சென்று பயில வேண்டிய பயிற்சிகள் பலவும் இணையவழிக்கு மாறின. தொலைவுப் பணி என்பது வேறு வழியற்றோர்க்கு உரியது என்ற எண்ணம் அப்போது தளர்ந்தது.

கடல் அறிவியல் நிறுவனம் ஒன்றிற்குக் கரையில் இல்லாத மாணவரால் என்ன பயன் என்று வினவலாம். அளவீடுகளைக் கருவிகள் எடுக்கின்றன. கணக்கீடுகளைக் கணிப்பொறிகள் செய்கின்றன. விளைவுகளை அறிஞர்கள் எழுதுகின்றனர். அவ்வெழுத்து மக்கள் கைக்கு வருமுன் செய்ய வேண்டிய வேலைகள் பல உள. நீண்ட அறிக்கையை ஒரு பக்கத் துண்டறிக்கையாகச் சுருக்குதல், நிலப்படத்திற்கு விளக்கம் எழுதுதல், பழைய படங்களுக்கு இடமும் காலமும் குறித்து அடுக்குதல், மக்கள் கேட்கும் வினாக்களைத் தொகுத்து விடைகளை அறிஞரிடம் பெற்றுத் தருதல் ஆகிய இவையெல்லாம் எழுத்து வேலைகளே. மேசையும் விளக்கும் இணைய இணைப்பும் உள்ள எவ்விடத்திலும் இவை நடைபெறலாம்.

பயிற்சித் திட்டம் எனப் பெயரிடப்படாத இடத்தும் இத்தகைய பணி நடந்துள்ளது. 2010ஆம் ஆண்டில் தொடங்கிய ‘பழைய வானிலை’ என்று பொருள்படும் பெயருடைய ஒரு முயற்சியில், முதல் உலகப்போர்க் காலத்துப் பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் நாட்குறிப்பேடுகள் படமெடுக்கப்பட்டு இணையத்தில் இடப்பட்டன. அவற்றில் கப்பலோர் கையால் குறித்திருந்த காற்றழுத்தம், வெப்பம், காற்றின் திசை ஆகியவற்றைத் தன்னார்வலர்கள் படித்துப் பெயர்த்தெழுதினர். லிவர்பூலை அடுத்த கரையின் பழைய ஓதப் பேரேடுகளையும் பின்னர் இவ்வாறே பெயர்த்தனர். கணிப்பொறிக்குப் பிடிபடாத பழங்கையெழுத்தைக் கண்ணால் படித்து எழுதுதல் இப்பணியின் உயிர். ஏட்டுச்சுவடி படித்துப் பழகிய துறை நம்முடையது. கொம்பும் காலும் குழம்பிக் கிடக்கும் ஓலையைப் படிக்கும் பொறுமை கைவந்த மாணவருக்குக் கப்பலோரின் கிறுக்கெழுத்து பெரிய தடையாகாது.

ஓர் எச்சரிக்கையைப் படித்தல்

இப்பணியின் நுட்பத்தைப் பொதுவாகச் சொல்வதினும், நாள்தோறும் வெளிவரும் கடல்நிலை அறிவிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு காண்பது நன்று. ‘அலையின் உயரம் 2 மீட்டர்’ என்று அறிவிப்பில் வருவதாகக் கொள்வோம். படிப்பவர் யாது கருதுவர்? எழும் அலைகளுள் மிகப் பெரியது 2 மீட்டர் என்றே கருதுவர். அறிவியலார் கருதுவது அதுவன்று. குறித்த நேரத்தில் கடந்துபோகும் அலைகளுள் உயர்ந்த மூன்றிலொரு பங்கை மட்டும் எடுத்து, அவற்றின் சராசரி உயரத்தையே அவர்கள் அலை உயரம் என்கின்றனர். நூறு அலைகள் கடந்தால் மிக உயர்ந்த முப்பத்து மூன்றின் சராசரி அது. அப்படியானால் அச்சராசரியை விஞ்சும் அலைகளும் அந்த நூற்றில் உண்டு. தனி ஓரலை ஏறக்குறைய இரு மடங்கு உயரமும் எழக்கூடும். 2 மீட்டர் என்று படித்துவிட்டுச் செல்பவன் 4 மீட்டர் அலையைச் சந்திக்க நேரலாம். இச்செய்தியைத் தமிழாக்கும் மாணவர் ‘அலைகள் 2 மீட்டர் வரை எழும்’ என எழுதிவிட்டால், இலக்கண வழு ஒன்றும் இராது; பொருள் மட்டும் உயிருக்கு ஊறாகத் திரிந்திருக்கும். ‘வரை’ என்னும் ஒரு சொல் செய்த வினை இது. பகுபத உறுப்பிலக்கணம் நடத்தும் வகுப்பில் இவ்வெடுத்துக்காட்டை நடத்தினால் மாணவர் மறவார் என்று தோன்றுகிறது.

அடுத்து அளவை. மீன் மிகுதியாகக் கிடைக்கக்கூடும் கடற்பகுதிகளை மேற்கூறிய ஐதராபாத்து மையம் அறிவித்து வருகிறது. செயற்கைக்கோள்கள் கடற்பரப்பின் வெப்பத்தையும், நீரில் மிதக்கும் நுண்தாவரங்களின் பச்சையத்தையும் அளந்து அனுப்புகின்றன. குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் விளிம்பில் நுண்தாவரம் செழிக்கும். அதனை நாடிச் சிறுமீன் வரும். சிறுமீனை நாடிப் பெருமீன் வரும். இந்த விளிம்பைக் கண்டறிந்து, குறித்த மீன் இறங்குதளத்திலிருந்து எத்திசையில், எத்தனை கிலோமீட்டர் தொலைவில், எத்தனை மீட்டர் ஆழத்தில் அது உள்ளது எனக் கூறுகின்றனர். தமிழிலும் இவ்வறிவிப்பு வருகிறது. ஆயின் கரையில் ஆழத்தை மீட்டரால் அளக்கும் மரபு இல்லை. பாகத்தால் அளக்கும் மரபே உண்டு. இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம், ஏறத்தாழ ஆறடி. ‘36 மீட்டர்’ என்பதினும் ‘இருபது பாகம்’ என்பது வலைக்காரர் செவியில் உடனே படும். இருபது பாகத்தில் சேறா, பாரா, எந்த வலை இறங்கும் என்பதெல்லாம் அவருக்கு அக்கணமே விளங்கிவிடும். தூத்தூர் முதலிய ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்வோர் செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவியைப் பயன்படுத்துவதில் தேர்ந்தவர்கள். அவர்களுக்கு அகலாங்கும் நெட்டாங்கும் போதும். கட்டுமரத்திலும் சிறு வள்ளத்திலும் கரையருகே தொழில் செய்வோர், கோயிற் கோபுரம், மாதா கோவில், பள்ளிவாசல் மினாரா, பனங்கூட்டம், மலைமுகடு என இவற்றை ஒன்றோடொன்று நேர்படப் பார்த்து இடம் குறிப்பவர்கள். ஒரே கடலுக்கு இருவேறு வாசகர்கள் என்பதை அறியாத மொழிபெயர்ப்பு ஒருவருக்கும் உதவாது.

சொற்களும் அவ்வாறே. வடக்கிலிருந்து வரும் காற்று வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது சோழகம். மேற்கிலிருந்து வருவது கச்சான். நூல் வழக்கில் ஓதம் என்பதைக் கரையில் பெருக்கு, வற்று எனக் கூறுவோர் உளர். நீரோட்டத்தை அதன் திசை நோக்கி வன்னி, தெண்டி என்று பிரித்துப் பெயரிடுவதைச் சோழமண்டலக் கரையில் கேட்கலாம். ‘தென்மேற்குத் திசைக் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்’ என வானொலியில் நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். பிழையற்ற தொடர்தான். ஆயினும் இத்தொடரைக் கேட்ட மீனவர் தம் மனத்துள் அதனை இன்னொரு முறை மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த இரண்டாம் மொழிபெயர்ப்பைச் செய்தி அவரை அடையுமுன்பே செய்துவிடுதல் மாணவர் பணியாகலாம். நாகப்பட்டினத்தில் வழங்கும் சொல் குளச்சலில் வழங்காது போகலாம். ஆதலின் ஒரே தமிழ்ப்படி எல்லாக் கரைக்கும் போதாது. வட்டார வழக்காய்வைப் பட்டம் பெறுவதற்கு உரிய தலைப்பாக மட்டுமே கண்டு பழகிய நமக்கு, அதன் நடைமுறைப் பயன் இங்கே கண்கூடாகிறது.

எழுத்தே வேண்டாத பகிர்வும் உண்டு. துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் வழக்கம் பலரும் அறிந்தது. பகலில் உருவங்களாலும் இரவில் விளக்குகளாலும் எச்சரிக்கை சொல்லப்படும். ‘மூன்றாம் எண் கூண்டு ஏற்றியாச்சு’ என்னும் பேச்சு கரையோர ஊர்களின் தேநீர்க்கடைகளில் வெகு இயல்பானது. கல்லாதாரும் அறிந்த அந்தக் குறியீட்டின் எளிமையை, கற்றோர் எழுதும் அறிவிப்பு எட்டுவது அரிதாகவே உள்ளது.

வீராம்பட்டினமும் நல்லவாடும்

தொலைவிலுள்ள அறிவு கரையை அடைந்த கதை ஒன்று நம் மண்ணிலேயே உண்டு. 1998ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் நிலையங்களை அமைக்கத் தொடங்கிற்று. வில்லியனூர் அதற்கு நடுவிடம். வீராம்பட்டினம் மீனவர் வாழும் ஊர். அவ்வூரார் கேட்டது ஒன்றே: நாளை கடல் எப்படி இருக்கும்? அந்நாளில் இதற்குரிய விடை அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்தில் இருந்தது. வங்கக் கடலின் அலை உயரம் பற்றிய முன்கணிப்புப் படங்களை வில்லியனூரில் நாள்தோறும் இறக்கி, அவற்றின் பொருளைத் தமிழாக்கி, வீராம்பட்டினத்திற்கு அனுப்பினர். கடற்கரையில் கட்டிய ஒலிபெருக்கிகள் அதனைச் சொல்லின. போர்க்கப்பல்களுக்காக வரைந்த படம் கட்டுமரக்காரனுக்குப் பயன்பட்டது. இடையே நின்று அதனைத் தமிழாக்கியோர் உள்ளூர்த் தன்னார்வலர்கள். சிற்றூர் நிலையங்களை நடத்தியோருள் பெண்கள் மிகப் பலர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஒலிபெருக்கி என்றால் நமக்குச் சற்று இளக்காரம் உண்டு. திருமண வீட்டிலும் தேர்தல் மேடையிலும் அது படுத்தும் பாடு அத்தகையது. ஆயினும் 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் அதன் அருமை தெரிந்தது. நல்லவாடு என்னும் புதுச்சேரி மீனவர் ஊரிலும் இத்தகைய நிலையம் இருந்தது. சிங்கப்பூரில் பணியாற்றிய அவ்வூர் இளைஞர் ஒருவர் சுமத்திரா நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் பற்றிய செய்தியை அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் பூட்டியிருந்த நிலையத்தை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த ஊர் அது. அலை வருமுன் மக்கள் விலகிவிட்டனர். தமிழகத்தில் அன்று ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர் என்பதை இதனுடன் வைத்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். அன்று இந்தியப் பெருங்கடலுக்கு ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு இல்லை. இந்திய ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 2007ஆம் ஆண்டு அக்டோபரிலேயே இயங்கத் தொடங்கிற்று. நல்லவாட்டைக் காத்தவை கடல் கடந்த ஒரு குரலும், ஊரார்க்குப் பழகிப்போன ஒரு கருவியும் ஆம். பழகிப்போன என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நாள்தோறும் அலை உயரம் சொல்லி வந்த கருவியாதலால், அது சொன்னதை மக்கள் நம்பினர். ஆபத்தன்று மட்டும் பேசும் வாயை யாரும் செவிமடுப்பதில்லை.

பாட்டில் நின்ற கடலறிவு

இதே நாளில் சுமத்திராவுக்கு மேற்கேயுள்ள சிமெலுவே தீவில் நடந்தது இன்னும் வியப்புக்குரியது. நிலநடுக்க மையத்திற்கு மிக அருகில் இருந்த அத்தீவில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். ஆழிப்பேரலைக்கு அங்கே இறந்தோர் தொகை பத்தைத் தாண்டவில்லை. 1907ஆம் ஆண்டில் அத்தீவைப் பேரலை தாக்கிப் பலர் மாண்டனர். உயிர் தப்பியோர் அந்நினைவை ‘சுமொங்’ என்னும் ஒரு சொல்லில் அடக்கிக் கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். நிலம் பலமாக நடுங்கிக் கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் சாரம். தாலாட்டில் கேட்ட சொல்லைத் தொண்ணூற்றேழு ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் உரக்கக் கூவ, தீவே குன்றேறிற்று. இதனினும் நீண்ட காலம் செயற்பட்ட அறிவிப்புப் பலகையை நாம் அறியோம்.

இந்தியப் பெருங்கடலில் இம்மரபு புதிதன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் சுல்பாரில் பிறந்த அரபு மாலுமி இப்னு மாசித், விண்மீன்களைக் கொண்டு வழியறியும் முறையையும் துறைமுகங்களின் நிலையையும் 1462ஆம் ஆண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள் வரிகளில் பாடிவைத்தார். உப்புக்காற்றில் தாள் நைந்து போகும். நெஞ்சில் நின்ற செய்யுள் நையாது. விண்மீனின் உயரத்தை அரபியர் விரற்கணக்கால் அளந்தனர். சோழமண்டலக் கடலோடிகளிடம் இதே நோக்கிற்கு இராப்பலகை என்னும் கருவி வழங்கிற்று. மாலுமி என்னும் தமிழ்ச் சொல்லே ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது என்பது அகராதியார் கொள்கை. முஅல்லிம் என்பார் ஆசிரியர். கலத்தைச் செலுத்துவோனையும் கல்வி கற்பிப்போனையும் ஒரு சொல்லால் குறித்த மொழி அது. மரக்கலத்தால் பெயர் பெற்ற மரைக்காயர் வழியினர் பலர் படித்துச் சென்ற வகுப்பறைகளில் இதனை எடுத்துரைக்கும்போது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு என்பதை மறைப்பானேன்.

நம் துறைக்குரிய பங்கு

இத்தகைய தொலைவுப் பயிற்சியைப் புகழ்ந்து மட்டும் பேசுதல் முறையன்று. ஊதியமில்லாப் பயிற்சி வசதியுடையார் வீட்டுப் பிள்ளைக்கே எளிது. விடுமுறையில் கூலிவேலைக்குச் சென்று அடுத்த பருவத்துக் கட்டணம் சேர்க்கும் மாணவனிடம், வாரம் பத்து மணி நேரத்தைத் தொண்டாகக் கொடு என்று கேட்பது அறமாகாது. சிறு தொகையேனும் உதவியாக வழங்குதல் வேண்டும். அல்லது அப்பணி பாடத்திட்டத்தில் மதிப்பெண்ணாக வரவு வைக்கப்படல் வேண்டும். நம் கல்லூரியின் புரவலர்களும் முன்னாள் மாணவர்களும் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டுகிறோம். மற்றொரு புறம், தொலைவுப் பணி சிலருக்குத் திறக்கும் கதவு வேறெதனாலும் திறவாதது. மகளை வெளியூர்ப் பயிற்சிக்கு அனுப்பத் தயங்கும் இல்லங்கள் நம் சமுதாயத்தில் இன்னும் உள்ளன. அத்தயக்கம் சரியா என்பதைப் பெரியோர்கள் தனியே எண்ணிப் பார்க்கட்டும். அதுவரை அம்மாணவி வீட்டிலிருந்தே கடல்சார் நிறுவனம் ஒன்றிற்கு எழுதலாம் என்பது சிறிய செய்தியன்று.

தொலைவின் குறை வேறிடத்தில் உள்ளது. திரையில் கடலைக் காண்பவர்க்குக் கடல் விளங்கிவிட்டது போன்ற மயக்கம் தோன்றும். 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக்கடலில் உருவானபோது, ஆழ்கடல் மீனவர் பலர் எச்சரிக்கைக்குப் பல நாள் முன்னரே கடலுக்குச் சென்றிருந்தனர். கைப்பேசி அலைவரிசை கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் எட்டாது. அழகிய தமிழில் எழுதப்பட்ட செய்தியும் அங்கே அவர்களை அடைந்திராது. செயற்கைக்கோள் வழியாக நெடுங்கடலுக்கும் செய்தி செலுத்தும் ‘செமினி’ என்னும் கருவி 2019ஆம் ஆண்டில்தான் அறிமுகமாயிற்று. அக்கருவி தரும் செய்தி சிறியது. நடுக்கடலில், ஆடும் படகில், ஈரக்கையுடன் படிக்கப்படுவது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே நான்கு எச்சங்களை அடுக்கும் நம் நடை அங்கே செல்லாது. (இக்கட்டுரையின் நடையும் செல்லாது.)

ஆதலின் மாணவர் எழுதும் எதுவும் இரு வாயில்களைக் கடந்தே வெளியேற வேண்டும். ஒன்று, பொருள் திரியவில்லை என்று அறிவியலார் ஒப்புதல். மற்றொன்று, கரையில் உள்ளார் ஒருவர் அதனை ஒரு முறை கேட்டுத் தம் சொல்லில் திருப்பிச் சொல்லுதல். அவர் சொல்வதும் நாம் எழுதியதும் வேறுபடுமாயின் திருத்த வேண்டியது எழுத்தையே. எச்சரிக்கையின் எண்ணையோ காலத்தையோ இடத்தையோ மாணவர் தாமாக மாற்றுதல் கூடாது. கடுமையைக் குறைத்தலும் கூட்டுதலும் கூடாது. அஞ்சி மிகைப்படுத்திய எச்சரிக்கை இரண்டு முறை பொய்த்தால், மூன்றாம் முறை மெய்யை யாரும் நம்பார்.

நம் துறையில் இதனைத் தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டா. கடலோர ஊர்களிலிருந்து வரும் மாணவ மாணவியர் நம் வகுப்புகளில் உளர். ஒவ்வொருவரும் தம் ஊர் இறங்குதளம் ஒன்றை எடுத்துக்கொண்டு, காற்று, நீரோட்டம், அலை, ஆழம், மேகம் ஆகியவற்றிற்கு அங்கே வழங்கும் சொற்களை வீட்டுப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்கலாம். சொல்லுடன் அது எந்த மாதத்தில், எந்தத் தொழிலுக்குப் பயன்படுவது என்பதையும் குறிக்க வேண்டும். சொன்னவர் விரும்பினால் அவர் பெயரையும் குறிக்க வேண்டும், ஏனெனில் அது அவருடைய அறிவு. அச்சொற்களைக் கொண்டு, மையம் வெளியிடும் அன்றைய அறிவிப்பை மூன்று வரியில் எழுதிப் பழகலாம். ஒரு பருவம் முழுதும் பழகிய பின்னரே, ஆய்வு நிறுவனம் எதனையும் அணுகித் தொலைவுப் பயிற்சிக்கு இடம் கேட்பது பொருந்தும். அப்போது நம் மாணவர் வெறுங்கையராய்ச் செல்லார். அந்நிறுவனத்திடம் இல்லாத ஒரு சொற்றொகுதியுடன் செல்வர்.

பயிற்சியில் ஒன்றைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். எச்சரிக்கை வெளியிடும்போது காட்டும் விரைவு, அதனை விலக்கிக்கொள்ளும்போது காட்டப்படுவதில்லை. கடலுக்குச் செல்லாத நாள் மீனவர்க்கு வருவாயில்லாத நாள். கடல் அடங்கிவிட்டது, செல்லலாம் என்னும் செய்தியும் அதே மூன்று வரியில், அதே சொற்களில், அன்றே அவரை அடைதல் வேண்டும். வலையை ஏற்றி வைத்துவிட்டு மணலில் அமர்ந்திருப்பவர் எதிர்பார்ப்பது அந்தச் செய்தியைத்தான்.